கூடக் காட்டுற மீற்றரும் பொய்தான்

போன எபிசோட்டில் அலர்ட், டாஷ்போர்ட் பற்றிக் கதைக்கும்போது நான் ஒரு வசனம் விட்டேன்: "கூடக் காட்டினால் பரவாயில்லை, குறையக் காட்டினால்தான் பிரச்சினை." அதை இப்ப வாபஸ் வாங்குறேன். காரணம், சிம்கோ ஏரியில் நிற்கிற எங்கட போட்.

மூன்று வருஷத்துக்கு முதல் நானும் மச்சானும் சேர்ந்து 16 அடி அலுமினியப் போட் ஒன்று வாங்கினோம். பின்னால் 40 குதிரைவலு ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட் மோட்டார். எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடினது என்று காட்டுற மீற்றர் மட்டும் அதில் இல்லை. காருக்குக் கிலோமீற்றர் மாதிரி, போட்டுக்கு மணித்தியாலம்தான் கணக்கு. சாதாரண சேர்விஸ் 100 மணித்தியாலத்துக்கு ஒருக்கால், அல்லது வருஷத்துக்கு ஒருக்கால், எது முதல் வருதோ அது. அதனால் ஒரு மீற்றர் வாங்கி நானே வயர் பண்ணினேன்.

மீற்றருக்கு இரண்டு முனைதான். ஒன்று எர்த், மற்றது 12 வோல்ட். அந்த 12 வோல்டை எங்கே இருந்து எடுக்கிறோம் என்பதில்தான் முழுக் கதையும் இருக்கு. நான் பிடிச்சது ஆக லேசான இடம்: திறப்பைத் திருப்பினதும் கரண்ட் வாற வயர். மெர்க்குரியில் அது வழக்கமாக ஊதா, யமஹாவில் மஞ்சள். இடையில் 1 அம்பியர் பியூஸ் ஒன்று. அரை மணித்தியாலத்தில் வேலை முடிஞ்சுது.

முதல் கோடையில் எஞ்சினை நிற்பாட்டிப்போட்டு, நங்கூரம் போட்டு இருந்துதான் மீன் பிடிச்சோம். திறப்பு ஓனிலேயே இருக்கும். ரேடியோ பாடும், ஃபிஷ் ஃபைண்டர் வேலை செய்யும், மீற்றரும் கூடவே எண்ணிக்கொண்டிருக்கும். ஒக்டோபரில் குளிருக்குப் போட்டைக் கட்டி வைக்கக் கொண்டுபோனபோது மீற்றரில் 120. மெக்கானிக் லப்டொப்பைச் செருகி எஞ்சினின் கம்ப்யூட்டரைப் பார்த்தார். நாங்கள் வாங்கின பிறகு ஓடினது 50 மணித்தியாலம்தான்.

சிரிச்சோம். "பாதி ரேடியோ எண்டு கழிச்சு விடு மச்சான்" என்றான். அதுதான் நாங்கள் விட்ட பிழை. மீற்றரைத் திருத்தாமல், அதை நம்பாமல் இருக்கப் பழகினோம்.

அடுத்த வருஷம் ட்ரோலிங் தொடங்கினோம். அதில் எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ரேடியோவுக்கும் ஃபிஷ் ஃபைண்டருக்கும் தனிப் பற்றறி வந்திட்டுது. அதாவது மீற்றர் இப்ப கிட்டத்தட்டச் சரியாகத்தான் எண்ணுது. நாங்கள் மட்டும் பழையபடி பாதி பாதியாகக் கழிச்சோம்.

போன ஓகஸ்ட்டில் மீற்றர் 340 காட்டிச்சுது. எங்கட கணக்கில் 170. வாங்கின நேரம் மெக்கானிக் புது இம்பெல்லர் போட்டு, 200 மணித்தியாலத்துக்குள் மாத்தச் சொல்லியிருந்தார். ஏரித் தண்ணியை இழுத்து எஞ்சினைக் குளிர வைக்கிற இறப்பர் சக்கரம் அது. "இன்னும் 30 இருக்கு" என்று விட்டோம். உண்மையில் கிட்டத்தட்ட 270 ஓடியிருந்தது.

ஒரு பின்னேரம், கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர். மச்சானின் எட்டு வயது மகளும் கூட இருந்தா. மோட்டாருக்குப் பின்னால் பீச்சி அடிக்க வேண்டிய தண்ணி நூல் மாதிரி மெலிஞ்சு போனதை ஒருத்தரும் கவனிக்கேல்லை. அலாரம் கத்தினபோதுதான் திரும்பிப் பார்த்தோம். எஞ்சினை நிற்பாட்ட வேண்டியதாப் போச்சு. காற்று எங்களை நடு ஏரிப் பக்கம் தள்ளிக்கொண்டு போச்சு. அந்த வழியால் வந்த இன்னொரு போட்காரர் கயிறு போட்டு இழுத்து வந்தார். பிள்ளை பயந்து அழுதது இன்னும் காதில் கேட்குது.

ஒன்-கோல் வேலை செய்யிறவர்களுக்கு இது விளங்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை சும்மா கத்துற அலர்ட்டை நாங்கள் மியூட் பண்ணிவிடுவோம். பிறகு அது உண்மையாகக் கத்தும்போது கேட்க ஆள் இல்லை. கூடக் காட்டுறது பாதுகாப்பு மாதிரித் தெரிஞ்சாலும், நம்பிக்கை போனபிறகு அந்த இலக்கத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை.

அப்ப எங்கே இணைக்கிறது? எஞ்சின் உண்மையாக ஓடினால் மட்டும் வாற சிக்னலில். லேசான வழி, பிளக் வயரைச் சுற்றிக் கட்டுற வகை மீற்றர். பொறி பறக்கும்போது வாற துடிப்பை அது பிடிக்கும், தனக்கென்று குட்டிப் பற்றறியும் இருக்கும். பிளக்குக்கு மேலேயே கொயில் இருக்கிற எஞ்சினில் சுற்ற வயர் இருக்காது. அங்கே ஒயில் அழுத்தம் வந்தால் மூடுற சுவிற்ச் ஒன்றின் ஊடாக இணைக்கலாம். ஆனால் எஞ்சினில் ஏற்கெனவே இருக்கிற எச்சரிக்கை சுவிற்ச்சைப் பாவிக்க வேண்டாம். அது பெரும்பாலும் தலைகீழ், அழுத்தம் இல்லாதபோதுதான் மூடும்.

"எஞ்சினின் கம்ப்யூட்டரே எண்ணுதே, பிறகு எதுக்கு மீற்றர்?" என்று கேட்பீர்கள். என்எம்இஏ 2000 வழியாக அந்த இலக்கம் உங்கள் திரைக்கு வருதென்றால் நல்லது, அதையே நம்புங்கோ. எங்களைப் போல வருஷத்துக்கு ஒருக்கால் மெக்கானிக்கின் லப்டொப்பில்தான் பார்க்கலாம் என்றால், ஜூலை மாதம் அதால் என்ன பிரயோசனம்?

இந்தச் சனிக்கிழமை போட்டுக்குப் போனால் ஒரு சோதனை செய்யுங்கோ. திறப்பை ஓன் பண்ணி, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் பத்து நிமிஷம் இருங்கோ. மீற்றரின் ஒரு தசமம் 6 நிமிஷம். கடைசி இலக்கம் கூடினால், உங்கட மீற்றர் எண்ணுறது திறப்பை. கழிச்சுக் கணக்குப் பார்க்காதேங்கோ, வயரை மாத்துங்கோ.