எப்படி ஆடினார் என்று எழுதுங்கள்

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த துளசிமதி முருகேசன் 2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாட்மிண்டன் ஒற்றையர் எஸ்யு5 பிரிவின் இறுதி ஆட்டத்தில் சீனாவின் யாங் சியு சியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வந்த வெள்ளி அது. பாராலிம்பிக் பாட்மிண்டனில் இந்தியப் பெண் ஒருவர் இறுதி ஆட்டம்வரை வந்தது அதுவே முதல் முறை. அவரைப் பற்றிச் செய்திகளுக்குக் குறைவில்லை. தந்தை கூலி வேலை செய்து ஆளாக்கியது, நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்தது, பிரதமரும் முதல்வரும் வாழ்த்தியது, தமிழக அரசு 2 கோடி ரூபாய் ஊக்கத்தொகை வழங்கியது எல்லாம் வந்தன. எல்லாம் உண்மை, எல்லாம் தேவையும்கூட. அந்த இறுதி ஆட்டத்தை அவர் எப்படி ஆடினார் என்று அறிய ஆவலாய்ப் பத்திரிகையைப் பிரித்த ரசிகருக்கு மட்டும் ஸ்கோரைத் தாண்டி அநேகமாக ஒன்றும் கிடைக்கவில்லை.

விளையாட்டுப் பக்கம் முதலில் விளையாட்டைச் சொல்ல வேண்டும் என்பதே நம் கட்சி. இதை வாதாடிச் சொல்ல வேண்டிய நிலை வந்திருப்பது வருத்தம் தருகிறது.

பாரிஸில் சொல்லாமல் விட்டது எவ்வளவு என்று பாருங்கள். அரையிறுதியில் துளசிமதி வீழ்த்தியது திருவள்ளூர் மாவட்டத்து மனீஷா ராமதாஸை. 2022-இல் இதே பிரிவில் உலகச் சாம்பியன் ஆனவர். இரண்டு தமிழ்ப் பெண்கள், பாராலிம்பிக் அரையிறுதி, முதல் கேம் 23-21. இருவரும் 20-ஐத் தொட்ட பிறகு யார் துணிந்தார், யார் தயங்கினார்? அடுத்தது இன்னும் முக்கியமான கேள்வி. 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய பாரா விளையாட்டில் இதே யாங் சியு சியாவை வென்றுதான் துளசிமதி தங்கம் வாங்கினார். ஓர் ஆண்டு முடிவதற்குள் ஆட்டம் எப்படித் திரும்பியது? சீன வீராங்கனை எதைக் கற்றுக்கொண்டு வந்தார், நம்மவரின் எந்த அடி எடுபடாமல் போனது? இரண்டாவது கேம் ஏன் 10 புள்ளியில் சரிந்தது? இதைக் கேட்பது குறை சொல்வதாகாது. ஓர் ஆட்டக்காரருக்குத் தரும் மிகப் பெரிய மரியாதையே அவர் ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பதுதான்.

எஸ்யு5 என்றால் என்ன என்பதையே எத்தனை செய்திகள் விளக்கின? கையில் குறைபாடு உள்ளவர்கள் நின்றபடி, ஒற்றையரில் முழு ஆடுகளத்திலும் ஆடும் பிரிவு அது. பாட்மிண்டனில் ராக்கெட் பிடிக்காத கைக்கும் வேலை உண்டு. சர்வீஸின்போது இறகுப்பந்தைப் பிடித்திருப்பது அந்தக் கை. எகிறி ஸ்மாஷ் அடிக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாயாமல் காப்பதும் அதுதான். ஒரு கை முழுதாக ஒத்துழைக்காத நிலையில் ஒருவர் தன் காலடியை, பந்துக்குக் கீழே வந்து நிற்கும் இடத்தை, அடியின் நேரத்தை எப்படி மாற்றி அமைத்துக்கொள்கிறார் என்று நான்கு வரி எழுதியிருந்தால், படிப்பவர் அந்தப் பெண்ணைப் பார்த்து இரக்கப்பட்டிருக்க மாட்டார், வியந்திருப்பார். தன்னம்பிக்கைக் கதைகள் அந்த வியப்புக்கு இடமே தருவதில்லை.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது பழகிய வலிதான். பிள்ளையார்பாளையத்து நெசவாளரைப் பற்றி எழுத வருகிறவர்கள் வறுமையை எழுதுகிறார்கள், கடனை எழுதுகிறார்கள். புடவையின் உடலையும் கரையையும் வெவ்வேறு நிறத்தில் கோர்வை போட்டு நெய்வதில் என்ன கஷ்டம், கைவண்ணம் எங்கே தெரியும் என்று கேட்பவர்கள் குறைவு. வறுமை உண்மைதான், ஆனால் அது அந்த மனிதரின் திறமை ஆகாது. துளசிமதியின் தந்தைதான் அவருடைய முதல் பயிற்சியாளர். அவர் பட்ட பாட்டை எழுதும் அதே பத்தியில், மகளுக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுத்தார், எந்தத் தவறைத் திருத்தினார் என்பதும் வர வேண்டாமா?

தமிழில் ஆட்டத்தை நுணுக்கமாகச் சொல்ல முடியாது என்று யாராவது சொன்னால் அதை ஏற்பதற்கில்லை. 1980-களில் சேப்பாக்கத்திலிருந்து அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் வானொலியில் கிரிக்கெட்டை வர்ணித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பந்து எங்கே குத்தி எப்படித் திரும்பியது, ஃபீல்டர் எந்தப் பக்கம் ஓடினார் என்பதெல்லாம் கண்ணால் காணாமலே தெரிந்தது. தறியில் உட்கார்ந்தபடி, காதை மட்டும் டிரான்சிஸ்டருக்குக் கொடுத்தவர்களுக்கும் முழு ஆட்டமும் புரிந்தது. அந்தத் தமிழ் எங்கும் போய்விடவில்லை. பத்திரிகைகள் அதை எடுத்து ஆளவில்லை, அவ்வளவுதான்.

சதுரங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார். அவர் தமிழரா தெலுங்கரா என்ற சர்ச்சைக்கும் 5 கோடி ரூபாய் பரிசுக்கும் கிடைத்த இடம் அந்தக் கடைசி ஆட்டத்துக்குக் கிடைக்கவில்லை. அதைச் சொல்வது அப்படி ஒன்றும் கடினமில்லை. 13 ஆட்டங்கள் முடிந்து அவருக்கும் சீனாவின் டிங் லிரெனுக்கும் ஆளுக்கு 6½ புள்ளி. 14-ஆவது ஆட்டத்தில் குகேஷுக்குக் கறுப்புக் காய்கள். அவரிடம் ஒரு சிப்பாய் கூடுதல். ஆனாலும் டிங் நிதானமாகத் தற்காத்திருந்தால் டிரா ஆகியிருக்கும். 55-ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையைக் குகேஷின் யானை வெட்டும்படி வைத்தார். யானைகள் போயின. டிங்கின் பிஷப் பலகையின் மூலையில் அகப்பட்டிருந்தது. குகேஷ் தன் பிஷப்பை அதற்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தியதும் அந்த இரண்டும் வெட்டுப்படுவதைத் தவிர்க்க வழியில்லை. மிஞ்சியவை ராஜாக்களும், இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒரே ஒரு சிப்பாயும். யானையை அப்படி வைத்த மூன்றே நகர்த்தல்களில் டிங் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார். பள்ளியில் சதுரங்கம் ஆடிய எந்தப் பிள்ளையும் இதைப் படித்துவிட்டுப் பலகையை எடுத்து வைத்துப் பார்க்கும்.

ரசிகரைப் பற்றிப் பத்திரிகைகள் வைத்திருக்கும் மதிப்பீடும் தவறானது. பந்தாடியது, பழிதீர்த்தது, துவம்சம் செய்தது என்று போட்டால்தான் வாசகர் படிப்பார் என்று நினைக்கிறார்கள். 1999 ஜனவரி 31-ஐ நினைவுபடுத்துகிறோம். சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டில் 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு ஆடிய சச்சின் 136 எடுத்து ஆட்டமிழந்தபோது வேண்டியது 17 ரன்தான். மீதி மூன்று விக்கெட்டும் நான்கே ரன்னில் போயின. இந்தியா 258-க்கு ஆட்டமிழந்து 12 ரன்னில் தோற்றது. அரங்கம் சில நொடி உறைந்தது, பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தது. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட் எடுத்ததன் அருமை அந்தக் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது. இப்படிப்பட்ட ரசிகர்களுக்குப் போர்ச் செய்தி மாதிரி விளையாட்டுச் செய்தி தருவது அவர்களைக் குறைத்து எடைபோடுவதாகும். எதிரணியின் திறமையை எழுதாத செய்தி பாதிச் செய்தி.

இனி நேர்மை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகையில் கிரிக்கெட் எழுதிய நெவில் கார்டஸ் அந்தக் கலையின் பெரிய பெயர்களில் ஒருவர். ஆட்டக்காரர்கள் சொல்லாத சொற்களையும் அவர்கள் வாயில் போட்டு எழுதியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். அந்த நடையழகை ரசித்தவர்கள் அதை மன்னித்தார்கள். நாம் மன்னிக்கச் சம்மதிக்கவில்லை. ரசிகருக்கு அழகான பொய் வேண்டாம். களத்தில் நடந்ததே போதுமான அழகு. சமூக ஊடகத்தில் யாரோ போட்ட வரியை எடுத்து, நேரில் பேட்டி கண்டது போல 'என்றார்' போட்டு முடிக்கும் இன்றைய பழக்கத்தில் கார்டஸின் அழகுகூட இல்லை.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று தமிழ்நாட்டு மகளுக்கே நடந்தது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியிலிருந்து, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் வீட்டிலிருந்து வந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி வென்றார். அதன்பின் நடந்த பாலினப் பரிசோதனையின் முடிவு, மருத்துவருக்கும் அவருக்கும் இடையே இருக்க வேண்டிய ஒன்று, ஊடகங்கள் வழியே நாடு முழுக்கப் பரவியது. பதக்கமும் பறிபோனது. அவருடைய உடலைப் பற்றி எத்தனையோ பத்திகள் வந்தன. அந்த ஓட்டத்தைப் பற்றி, கடைசி வளைவைப் பற்றி எத்தனை பேர் எழுதினார்கள்? ஆட்டத்தைப் பார்க்கத் தெரியாத எழுத்து கடைசியில் ஆளைத்தான் கிழிக்கும்.

இடமில்லை, ஆளில்லை, செய்தி முகமை அனுப்புவதைத்தான் போட முடியும் என்று ஆசிரியர் குழுக்கள் சொல்லும். ஆளும் பணமும் குறைந்திருப்பது உண்மை. ஆனால் இரவு முடிந்த ஆட்டத்தின் ஸ்கோர், காலையில் பத்திரிகை வருவதற்குள் ரசிகரின் கைபேசியில் இருக்கிறது. அதையே திரும்ப அச்சடித்து யாருக்கு என்ன பயன்? அந்த இடத்தை, ஏன் வென்றார், எப்போது திரும்பியது என்ற ஒரு பத்திக்குக் கொடுத்தால் போதும். கூடுதல் பக்கம் கேட்கவில்லை.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்தே தொடங்கலாம். ஒவ்வோர் ஆண்டும் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் நடக்கின்றன. பள்ளி, கல்லூரி மாணவர்கள் ஆடுகிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பத்திரிகையில் வருவது தொடங்கி வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர் யார், பரிசு வழங்கியவர் யார் என்ற பட்டியலும் மேடைப் படமும்தான். இறுதி ஆட்டத்தில் ஆடிய பிள்ளைகளின் பெயரே பல நேரம் இருக்காது. மாவட்டப் பதிப்பு வைத்திருக்கும் ஒவ்வொரு நாளிதழும் இந்த ஆண்டு ஒரு நிருபரை அந்தப் போட்டிகளுக்கு, தொடக்க விழா முடிந்த பிறகும் அங்கேயே இருக்கச் சொல்லி, அனுப்பட்டும். விருந்தினர் பட்டியலைக் கடைசி வரிக்குத் தள்ளிவிட்டு, ஆட்டத்தை முதல் வரியில் போடட்டும்.