பொறுமை இரத்தத்தில் ஊறியதா?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணிதம்)

தை மாதத்து விடுமுறை நாள் ஒன்றில் எங்கள் வீட்டுக் குழித்தறியில் அப்பா நெய்துகொண்டிருந்தார். எதிர்ப்பக்கக் கரைக்கு நாடா போட நான் உட்கார்ந்திருந்தேன். திருப்பருத்திக்குன்றத்துச் சமணர் கோயிலின் விதான ஓவியங்களைப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர், தறியோசை கேட்டு எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வரச் சொன்னோம். கால் மணி நேரம் பார்த்தார். "எப்படித்தான் ஒரே வேலையை நாள் முழுவதும் செய்கிறீர்களோ! பொறுமை உங்கள் இரத்தத்திலேயே ஊறியிருக்கிறது" என்று வியந்து பாராட்டிவிட்டுச் சென்றார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அப்பா சொன்னார்: "இரத்தத்துலயும் இல்ல, ஒண்ணுத்துலயும் இல்ல. பாதியில எழுந்தா கூலி யாருடா குடுப்பாங்க?"

இதை நான் மறந்தே போயிருப்பேன். ஆனால் அடுத்த வாரமே அதே சொல்லை எங்கள் கல்லூரி மரத்தடியில் கேட்டேன். இம்முறை பாராட்டப்பட்டவர்கள் காஞ்சிபுரத்து நெசவாளர்கள் அல்லர். கொரிய நாட்டு இளைஞர்கள்! இணைய விளையாட்டுகளில் ஊறிப்போன என் வகுப்பு நண்பன் ஒருவன் அடித்துச் சொன்னான்: "கொரியாக்காரன் விளையாட்டு என்றால் ஒரே அரக்கனை ஆயிரம் தடவை வெட்ட வேண்டும். மேல்நாட்டான் விளையாட்டு என்றால் கதை, சாகசம், சுதந்திரம். அவர்கள் பொறுமைசாலிகள், இவர்கள் சுதந்திரப் பிரியர்கள். இரத்தம் அப்படி!" அந்த இரத்தம் என்ற சொல் என்னைக் குத்தியது. அதனால்தான் இக்கட்டுரை.

விளையாடிப் பழகாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேடமேற்று ஆடும் இணைய விளையாட்டு என்பது ஏறக்குறைய நம் பக்கத்துப் பாரதக் கூத்து போன்றது. ஒருவன் வீரனாவான், ஒருத்தி மந்திரக்காரியாவாள். ஆனால் இங்கே பார்வையாளர் இல்லை. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வேடம் கட்டி ஆடுகிறார்கள். கொன்ற அரக்கனுக்கேற்ப வலிமை கூடும், பொன் சேரும். அந்த வலிமைக்காக ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதைத்தான் என் நண்பன் கொரியச் சுவை என்கிறான்.

வேறுபாடே கிடையாது என்று நான் வாதாடவில்லை. 1998-இல் கொரியாவின் என்சிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட 'லினியேஜ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் மன்னன் வேடம் பூண்டவன் மட்டுமே ஒரு குழுவை அமைக்க முடியும். மற்றவர்கள் அவனுக்குக் கட்டுப்பட்டுப் படை திரட்டிக் கோட்டையை முற்றுகையிடுவார்கள். பிடித்துவிட்டால் அந்த ஊர்க் கடைகளின் வரி அவர்களுக்கு. ஒருவரை ஒருவர் வெட்டிச் சாய்ப்பதும் அங்கே சகஜம். கொரியாவையே கட்டிப்போட்ட இவ்விளையாட்டு அமெரிக்காவில் எடுபடவில்லை. 2011-இல் அங்கே மூடிவிட்டார்கள். இதுவரை நண்பன் சொல்வது சரி. அதற்குக் காரணம் இரத்தமா என்பதே கேள்வி.

அக்காலத்துக் கொரியாவைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஜப்பானின் ஆட்சியில் 1910 முதல் 1945 வரை துன்புற்ற நாடு அது. விடுதலைக்குப் பின்னும் ஜப்பானியக் கலைப் பொருள்களுக்கு அங்கே நெடுங்காலம் தடை இருந்தது. 1998 முதல்தான் படிப்படியாகத் தளர்த்தினார்கள். ஆகவே, மற்ற நாட்டுப் பிள்ளைகள் வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டி விளையாடிய ஜப்பானிய விளையாட்டுப் பெட்டிகள் அங்கே பெரிதாக வேரூன்றவில்லை. 1997-இல் பொருளாதார நெருக்கடி வந்தது. பலர் வேலை இழந்தார்கள். அவர்களுள் சிலர் கையிலிருந்த பணத்தைப் போட்டுக் கணினிக் கடை திறந்தார்கள். அதை அங்கே 'பிசி பாங்' என்பார்கள். பாங் என்றால் அறை. மணிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம். பள்ளி விட்டதும் பிள்ளைகள் கூட்டமாக வந்து தோளோடு தோள் உரச அமர்வார்கள்.

இப்போது சொல்லுங்கள். நான்கு நண்பர்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது அரக்கனை ஆயிரம் தடவை வெட்டுவது சலிக்குமா? கை வேலை செய்யும், வாய் பேசிக்கொண்டிருக்கும். அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஊர்க்கதை முழுவதும் அந்நேரத்தில்தான் பேசப்படும். அதே தாரைத் தனியறையில் சுற்றச் சொன்னால் அம்மா அரைமணியில் எழுந்துவிடுவார்!

அமெரிக்க இளைஞனோ தன் வீட்டில், தன் அறையில், மாதச் சந்தா கட்டித் தனியே அமர்ந்திருந்தான். தனித்திருப்பவனுக்குக் கதை வேண்டும். வழிகாட்ட ஆள் வேண்டும். அடுத்து என்ன என்று யாராவது சொல்ல வேண்டும். எனவே சுவை பிறந்தது நரம்பில் அன்று, நாற்காலியில் என்பேன்.

இன்னொரு சான்றும் உண்டு. மேல்நாட்டார் சுதந்திரப் பிரியர்கள் என்றானே நண்பன், அவர்கள் 1999-இல் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய 'எவர்குவெஸ்ட்' எப்படிப்பட்டது? ஒரே இடத்தில் மணிக்கணக்கில் காத்திருந்து அதே அரக்கனை மீண்டும் மீண்டும் கொல்வது! அதன் பிடியில் சிக்கியவர்கள் அதற்குப் போதைப் பொருளின் பெயரையே பட்டப்பெயராகச் சூட்டினார்கள். 2004-இல் 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' வந்து, தனியாளும் கதைப் பணிகளைச் செய்துகொண்டே உச்சம் வரை ஏறலாம் என்று காட்டியது. மேல்நாட்டுச் சுவை என்று இன்று நாம் சொல்வது பெரும்பாலும் அதற்குப் பின் வந்ததே. ஐந்தாண்டில் இரத்தம் மாறுமா? அதே விளையாட்டு 2005-இல் கொரியாவுக்கும் போய் அங்கும் நிறையப் பேரை ஈர்த்தது. மறுபக்கம் 'லினியேஜ்' இருக்கிறதே, அதன் மூலம் ஷின் இல்-சூக் என்னும் கொரியப் பெண்மணி வரைந்த படக்கதை. அதில் வருவனவோ ஐரோப்பியப் பாணிக் கோட்டைகளும் கொத்தளங்களும்!

தேசத்துக்கொரு சுவை என்று நம்பித் தொழில் செய்தவர்கள் பட்ட பாடும் உண்டு. 'அல்டிமா' விளையாட்டுகளால் பெயர்பெற்ற ரிச்சர்ட் கேரியட்டை அதே என்சிசாஃப்ட் 2001-இல் தன்னிடம் சேர்த்துக்கொண்டது. கிழக்கும் மேற்கும் ஒருசேர விரும்பும் விளையாட்டு ஒன்றைப் படைப்பதே திட்டம். பாதி வழியில் அதைக் கலைத்து, மறுபடி தொடங்கி, 'தபுலா ராசா' என்ற பெயரில் 2007 நவம்பரில் வெளியிட்டார்கள். 2009 பிப்ரவரியில் அதை மூடியும் விட்டார்கள். (இடையே, 2008-இல், கேரியட் விண்வெளிக்கே போய்வந்தார் என்பது வேறு கதை.) கிழக்கத்தியன், மேற்கத்தியன் என்று மனத்தில் இரண்டு பொம்மைகளைச் செய்து வைத்துக்கொண்டு அவற்றுக்காக நெய்த சேலையை யார் உடுத்துவார்கள்?

நம் நாட்டைப் பார்ப்போம். 'பப்ஜி' வேடமேற்று வளரும் வகை அன்று. சுட்டு வீழ்த்தும் வகை. ஆயினும் நம் பிள்ளைகள் அறிந்த கொரிய விளையாட்டு அதுதான். அதன் சுவை எந்நாட்டுச் சுவை? எண்ணியவர் பிரெண்டன் கிரீன் என்னும் அயர்லாந்துக்காரர். அவருக்கு உந்துதல் ஒரு ஜப்பானியத் திரைப்படம். 2017-இல் வெளியிட்டது கொரிய நிறுவனம். 2018-இல் கைப்பேசிக்குக் கொண்டுவந்தது சீனாவின் டென்சென்ட். 2020 செப்டம்பரில் இந்திய அரசு அதைத் தடை செய்தது. 2021-இல் கொரியாவின் கிராஃப்டான் நிறுவனமே நமக்கென ஒரு வடிவத்தை வெளியிட்டது. அதில் சிந்தும் இரத்தம் பச்சை நிறம். பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே அனுமதி. 2022 ஜூலையில் மீண்டும் முடக்கம், 2023 மே மாதத்தில் மீண்டும் வருகை. இத்தனைக்கும் நடுவே எங்கள் தெருத் திண்ணையில் நான்கு பையன்கள் நான்கு கைப்பேசிகளோடு, "டேய், வலப்பக்கம் வராண்டா!" என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். இணையக் கட்டணம் மலிந்தது, கைப்பேசி கைக்கு எட்டியது, விளையாட்டு இலவசம், திண்ணை சொந்தம். அந்தத் திண்ணைதான் எங்கள் பிசி பாங்!

நண்பர்களே, இதற்கு ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் சீனாவில் இளைஞர்கள் பலர் கூலிக்கு விளையாடினார்கள். நாள் முழுதும் அரக்கர்களைக் கொன்று பொன் சேர்க்க வேண்டும். அந்தப் பொன்னை மேல்நாட்டு ஆட்டக்காரர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். தாங்களே வெட்ட அவர்களுக்குப் பொறுமை இல்லை. பொறுமை கிழக்கத்தியன் இரத்தத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், அந்த இளைஞனின் கூலி எவ்வளவு என்று கேட்க வேண்டியதில்லை. விரும்பித்தானே செய்கிறான்! எங்கள் வீட்டு வாசலில் நின்ற பெரியவர் நல்லவர், மனமாரத்தான் பாராட்டினார். ஆனால் அந்தப் பாராட்டு எத்தனையோ ஆண்டுகளாகத் தறிக்காரன் வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது, கூலி உயர்வு மட்டும் வாசலிலேயே நிற்கிறது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா. எதிர்ப்பக்கக் கரைக்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை நெடுங்காலம் பள்ளிக்கூடம் போக வேண்டிய சிறுவனின் கையாக இருந்தது. அவனுக்கும் பொறுமை இரத்தத்தில் ஊறியது என்றுதான் சொன்னார்கள். என் அப்பா அப்படி ஐந்தாம் வகுப்போடு நின்றவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

இதையெல்லாம் மரத்தடியில் சொன்னபோது நண்பன் முழுதும் ஒப்பவில்லை. "அப்படியானால் நீ மட்டும் ஏன் ஞாயிறுதோறும் எழாமல் தறியில் உட்காருகிறாய்?" என்று மடக்கினான். மூன்று சேலைப் பாவில் இரண்டாவது அறுத்தாகிவிட்டது. பங்குனிக்குள் மூன்றாவதையும் அறுத்தால்தான் தேர்வுக் கட்டணம் கட்ட முடியும் என்றேன். அவன் தன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுத்த ஞாயிறு தறியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறான்.