"இதையும் படிங்க" – அந்த மூணு லிங்க்கை யார் முடிவு பண்றது?

போன ஜனவரியில ஒரு வாசகர் மெயில் போட்டிருந்தார். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம். நம்ம தளத்துல 2019-ல எழுதின வரி சேமிப்புக் கட்டுரையைப் படிச்சிட்டு, கீழே "இதையும் படிங்க"ன்னு வந்த மூணு கட்டுரையையும் படிச்சிருக்கார். மூணுமே 80சி பத்தித்தான். உடனே இ.எல்.எஸ்.எஸ் ஃபண்ட்ல 50,000 ரூபாய் போட்டுட்டார். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்து வெச்சிருந்த பணம்.

அப்புறம் சம்பளச் சீட்டைப் பார்த்தா, அவர் இருக்கறது புது வரிமுறையில. அங்கே 80சி கழிவே கிடையாது. பணம் மூணு வருஷத்துக்கு லாக். ரிட்டர்ன் தாக்கல் பண்றப்போ பழைய முறைக்கு மாறிக்கலாம்தான், ஆனா அவர் சம்பளத்துக்குக் கணக்குப் போட்டா புது முறையிலதான் வரி கம்மி.

2023-24 நிதியாண்டுல இருந்து புது முறைதான் டீஃபால்ட்னு நாம வீடியோவும் போட்டோம், கட்டுரையும் எழுதினோம். அது ஏன் அந்த மூணுல வரல?

தப்பு என்னோடது. நம்ம தளம் ஸ்டாட்டிக் தளம். ஹியூகோங்கற மென்பொருள் எல்லாப் பக்கத்தையும் முன்கூட்டியே உருவாக்கி வெச்சிடும். நீங்க வந்து நிக்கறப்போ பின்னாடி எந்த சர்வரும் உட்கார்ந்து உங்களுக்காக யோசிக்காது. தொடர்புள்ள கட்டுரை எதுன்னு கண்டுபிடிக்கற வசதி ஹியூகோவுலயே இருக்கு. குறிச்சொல், தேதி இதுக்கெல்லாம் ஒரு எடை கொடுத்து, எது எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு பார்த்துப் பட்டியல் போடும். ஆனா அதுல 'இன்க்ளூட்நியூவர்'னு ஒரு செட்டிங் இருக்கு. டீஃபால்ட்டா அது ஆஃப். அதாவது ஒரு கட்டுரைக்குக் கீழே அதைவிடப் பழசு மட்டும்தான் வரும். 2019 கட்டுரைக்கு 2018, 2017. பழைய தகவலுக்குப் பழைய தகவலே சாட்சி!

ஒரு சமையல் தளத்துக்கு இதனால ஒண்ணும் ஆகாது. பத்து வருஷம் முந்தின ரசப்பொடி இன்னைக்கும் ரசப்பொடிதான். பணத்தைப் பத்தி எழுதறவங்களுக்கு அப்படியில்ல. ஷேர்ல வர்ற நீண்டகால லாபத்துக்கு 2024 ஜூலை 22 வரைக்கும் 10 சதவீத வரி, மறுநாள்ல இருந்து 12.5. வருஷத்துக்கு 1 லட்சமா இருந்த விலக்கு 1.25 லட்சம் ஆயிடுச்சு. இதை மெஷின் கணக்குல மட்டும் விடக்கூடாதுங்கறதுதான் என் கருத்து. உங்கள்ல சிலர் சைடுல சொந்தமா தளம் நடத்தறீங்க, அதனால சொல்றேன்.

முதல்ல அந்த செட்டிங்கை ஆன் பண்ணினேன். அதை மட்டும் தனியா மாத்த முடியாது. 'ரிலேட்டட்' பகுதி முழுசையும் நீங்களே எழுதித் தரணும், இல்லேன்னா மத்ததெல்லாம் காலியாயிடும். எனக்கு ஒரு சாயங்காலம் போனதே இதுலதான். அதுக்கப்புறம் வரி பத்தின ஒவ்வொரு கட்டுரையிலயும் கையாலேயே ஒரு வரி சேர்த்தேன்: "இதுக்கப்புறம் சட்டம் மாறியிருக்கு, புதுசை இங்கே படிங்க." கீழே இல்ல, தலைப்புக்கு நேர் கீழேயே. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை காலி.

ரெடிமேடா ஒரு விட்ஜெட் போட்டா முடிஞ்சதேன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். இலவசமா கிடைக்கற சிலது பரிந்துரையோட விளம்பரத்தையும் கலந்துடும். கடன்ல இருந்து வெளியே வர்றது எப்படின்னு எழுதிட்டு, அதுக்குக் கீழேயே இன்ஸ்டன்ட் லோன் விளம்பரம் வந்தா நான் எந்த மூஞ்சியோட வீடியோல பேசறது? யூடியூப்ல எங்க வீடியோ பக்கத்துல என்ன வரணும்னு நான் சொல்ல முடியாது. கடைசி 20 செகண்ட் எண்ட் ஸ்கிரீன்தான் என் கையில. சொந்தத் தளத்துலயாவது அந்த மூணு லிங்க் என் பொறுப்பா இருக்கட்டும்.

அந்த 2019 கட்டுரையை அழிச்சிடலாமேன்னும் தோணுச்சு. அழிக்கல. வீட்டுக்கடன், வாடகைன்னு கழிவு நிறைய இருக்கறதால பழைய முறையிலேயே இருக்கறவங்க இருக்காங்க, அவங்களுக்கு அது வேணும். 2026 ஏப்ரல் 1-ல இருந்து 2025-ஆம் வருஷத்துப் புது வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு. பிரிவு எண்களே மாறுது. இன்னும் ரெண்டு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி வெச்சிருக்கேன்.