காட்டுத் தீயும் மண்வாரி யந்திரமும்

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் நிலம் வைத்திருக்கும் குடியானவர்களிடையே ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. வாடகைக்கு ஒரு மண்வாரி யந்திரத்தைக் கொண்டுவந்து, காட்டோரத்துப் புதரையெல்லாம் ஒரே நாளில் வாரித் தள்ளிவிட்டால், அவ்வருஷத்துக்குக் காட்டுத் தீயைப்பற்றிய கவலை தீர்ந்தது என்பதே அது. ஜே.சி.பி. என்று ஊரார் வழங்கும் இந்த யந்திரம், பல ஆட்கள் பல நாள் செய்யும் வேலையை ஒரு பகலில் முடித்துவிடுவது மெய்யே. ஆனால் தீயைத் தடுப்பது ஒரு பகல் வேலையன்று. அதை மறந்தவர்களுக்குப் பணமும் வீணாகி, நிலமும் கெடுகிறது.

அபாயம் அற்பமானதன்று. 2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் மூண்ட தீயில் சிக்கி, மலையேறச் சென்றவர்களில் 20 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்த வருஷம் பிப்ரவரியில், முதுமலையை அடுத்த கர்நாடகப் பகுதியான பந்திப்பூரில் 10,000 ஏக்கருக்கு மேல் காடு கரிந்தது. காய்ந்த புல் நிறைந்த சரிவில் தீ கீழிருந்து மேல்நோக்கி ஏறும் வேகத்துக்கு மனிதன் கால் ஈடுகொடாது. நம் பக்கத்துக் காடுகளில் தீ தானாக மூள்வது அரிது. பெரும்பாலும் மனிதர் கையினாலேயே மூளுகிறது. வயலோரத்தில் தாளையும் களையையும் கொளுத்திவிட்டு வீடு திரும்புவோரும் அம்மனிதரில் அடங்குவர். ஆகையால் குடியானவர் இவ்விஷயத்தில் நஷ்டப்படுகிறவர் மட்டுமல்லர்.

தீத்தடுப்புக் கோடு என்பது புல்லும் சருகும் இல்லாமல் மண் தெரியும்படி நீளத் துப்புரவு செய்த நிலப்பட்டை. தரையோடு ஊர்ந்து வரும் தீ அங்கு வந்ததும் இரையின்றி அடங்கும். பட்டா நிலத்துக்கும் காப்புக்காட்டுக்கும் இடையே சமதரையாயுள்ள இடத்தில் இக்கோட்டைத் திறக்க யந்திரத்தைப்போல் உதவுவது வேறில்லை. பருவமழை ஓய்ந்து, மண்ணில் ஈரமும் புல்லில் பசுமையும் சற்று மிஞ்சியிருக்கும் மார்கழியே அதற்குத் தக்க காலம். மாசியில் கொண்டுவந்தாலோ, இரும்புப் பல் கல்லில் உரசும் பொறியும், கொதிக்கும் புகைக்குழாயும் காய்ந்த புல்லைப் பற்றவைக்கக் கூடும். தடுக்க வந்ததே தீ மூட்டியதாக முடியும்.

மார்கழியில் திறந்த கோடு அப்படியே நிற்பதுமில்லை. தையிலும் மாசியிலும் தேக்கும் வேங்கையும் மருதும் இலையுதிர்க்கும். நன்றாய்ச் சுரண்டிய கோட்டின்மேல் சருகு ஒரு சாண் கிடந்தால், தீக்கு அது கோடன்று, பாலம். இதனால்தான் கோடு போட்டபின் கோடை மழை பெய்யும்வரை அதைத் திரும்பத் திரும்பப் பெருக்கவேண்டியிருக்கிறது. யந்திர வாடகைக்குத் தாராளமாய்ச் செலவிடுகிறவர், விளக்குமாறும் கையுமாய் நிற்கும் ஆளுக்குக் கூலி கொடுக்கத் தயங்குவது விந்தையே. கைப்பணம் குறைவாயின் யந்திரத்தின் மணிநேரத்தைக் குறைத்து, பெருக்கும் ஆள்களின் நாளைக் கூட்டுவதே லாபம். வாரிய புதரைக் காட்டோரத்தில் குவித்துவிட்டுப் போகும் வழக்கமும் நிற்கவேண்டும். காய்ந்த குவியல் எரியும்போது சுவாலை உயர்ந்து, பொறி காற்றில் கோட்டைத் தாண்டிப் பறக்கும்.

அப்புதரில் பெரும்பாகம் உண்ணிச்செடி. வெள்ளைக்காரர் காலத்தில் அழகுக்காக அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொணரப்பட்ட இது, வெட்டினாலும் எரித்தாலும் அடியிலிருந்து தழைக்கும். கிளறிய மண்ணில் விதை சீக்கிரம் முளைக்கும். பழந்தின்னும் பறவைகள் புதுவிதையும் கொணரும். வேர்க்கழுத்துக்குச் சற்றுக் கீழே மண்வெட்டியால் வெட்டி, செடியைத் தலைகீழாய் நிறுத்தி, வேர் மண்ணைத் தொடாதபடி காயவிடும் முறையை டில்லி சர்வகலாசாலையைச் சேர்ந்த சி.ஆர். பாபுவும் அவருடன் உழைத்தவர்களும் வகுத்தனர். மழைக்குப்பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கி, நாட்டுப் புல்லை வளரவிடவும் வேண்டும். இது கைவேலை, யந்திரத்தின் அகன்ற வாய்க்கு இந்த நுணுக்கம் வராது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகள் இதன் தண்டைக் கொண்டு யானையளவுள்ள யானை உருவங்களே செய்திருக்கிறார்கள். குவித்துக் கொளுத்துவது ஒன்றே இதற்குக் கதி என்பதில்லை.

சரிவு நிலத்துக்கு யந்திரம் ஆகாது என்பதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. வேர்ப்பிடிப்பை இழந்த மண் முதற்கனமழையிலேயே ஓடையில் இறங்கும். கீழேயுள்ள வாய்க்காலும் தூர்ந்துபோகும். 2009-ஆம் வருஷம் நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தனர். பெருமழையே அதற்கு முதற்காரணம் எனினும், அவ்வித மழை பெய்யும் மலையில் சரிவைச் சுரண்டிவைப்பது துணிகரம். நீலகிரியில் இந்த யந்திரத்தை இயக்கக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென்று விதித்திருப்பதைச் சிலர் தொல்லையென்று குறைகூறுகின்றனர். அத்தொல்லை மற்ற மலையடிவாரத் தாலூகாக்களுக்கும் வந்தால் நன்மையே. சரிவில் கோடு வேண்டுமாயின் அரிவாளும் கொத்தும் போதும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலையுண்டு. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் ஓட்டுநருக்கு எல்லைக்கல் எது, பாறைக்கல் எது என்று தெரியாது. காப்புக்காட்டுக்குள் ஒரு முழம் புகுந்தாலும் வழக்கு நிலக்காரர்மேல்தான் வரும். எல்லைக்கல்லே பெயர்ந்துவிட்டால் தகராறு தலைமுறைக்கும் தீராது. ஆகவே, யந்திரம் இறங்குமுன் கிராம நிர்வாக அலுவலரும் வனக்காப்பாளரும் நிலக்காரரும் சேர்ந்து எல்லையை நடந்து பார்த்து, சுண்ணாம்பால் குறியிடுதல் நலம். காப்புக்காட்டுக்குள் கோடு போடுவது வனத்துறையின் பொறுப்பு. தம் வயலோரத்தைத் திறப்பது நிலக்காரரின் பொறுப்பு. பெருக்கும் கூலியை மட்டும் நிலக்காரரும் ஊராட்சியும் வனத்துறையும் பங்கிட்டுக்கொள்வது நியாயம். தீ காட்டிலிருந்து வயலுக்கும் வரும், வயலிலிருந்து காட்டுக்கும் போகும். எல்லை பார்ப்பதையும் கூலிப் பங்கையும் கார்த்திகைக்குள் முடித்துவிட்டால், அடுத்தடுத்த நிலக்காரர்கள் ஒரே வாடகையில் யந்திரத்தை அமர்த்தி, மார்கழி முதல் வாரத்திலேயே வேலையைத் தொடங்கலாம்.