கறுப்புக் கண்ணாடி

கண்ணாடி எவ்வளவு கறுப்போ அவ்வளவுக்கு அது கண்ணைக் காக்கும் என்றொரு நம்பிக்கை நமது வெல்டிங் பட்டறைகளில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் பிள்ளைக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுக்கும் தகப்பனாரும், "உள்ளதிலேயே கறுப்பானதாகக் கொடுங்கள்" என்றுதான் கடைக்காரரிடம் கேட்கிறார். நம்பிக்கை நல்லெண்ணத்தில் பிறந்தது, ஆனால் தவறானது.

மின்சுடரில் கண்ணைக் கூச வைக்கும் வெளிச்சத்தை விட, கண்ணுக்குப் புலப்படாத கதிர்களே பொல்லாதவை. புற ஊதாக் கதிர் கருவிழியின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுட்டது அப்போது தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுநிசியில், கண்ணில் மணலை அள்ளிப் போட்டாற்போல் உறுத்தி நீர் வடியும். (அந்த வேளையில் தாய்ப்பால் விடுவது முதலிய கைவைத்தியங்களை விட்டுக் கண் மருத்துவரிடம் போவதே புத்திசாலித்தனம்.) தரச்சான்று பெற்ற வெல்டிங் கண்ணாடி எட்டாம் எண்ணானாலும் பதின்மூன்றாம் எண்ணானாலும், புற ஊதாவையும் வெப்பக் கதிரையும் போதிய அளவு தடுத்துவிடுகிறது. எண் என்பது காணும் வெளிச்சத்தை எவ்வளவு குறைப்பது என்பதற்கான கணக்கு. கூலிங் கிளாஸுக்கு இந்தப் பேச்சே பொருந்தாது. அதைப் போட்டுக்கொண்டு வெல்டிங் செய்வது, ஓலைக் குடையுடன் அடைமழையில் இறங்குவதைப் போன்றது.

கணக்கு வாத்தியார் புத்தி நம்மை விடுவதில்லை. கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடுவோம். பத்தாம் எண் கண்ணாடி, வந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய 7,200-இல் ஒரு பங்கையே உள்ளே விடுகிறது. பதினோராம் எண்ணில் அது 19,300-இல் ஒரு பங்காகக் குறைகிறது. அதாவது ஓர் எண் ஏறினால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிச் சுருங்கிவிடுகிறது. 'ஒன்றுதானே கூடுதல்' என்று அலட்சியமாக வாங்கலாகாது.

நம்மிடம் படித்து இப்போது சொந்தமாகக் கிரில் பட்டறை நடத்தும் இளைஞர் ஒருவர், ஜன்னல் கம்பி ஒட்டுவதற்குப் பதின்மூன்றாம் எண்ணை மாட்டியிருந்தார். "ஒன்றுமே தெரியவில்லை, ஸார். தடவித் தடவித்தான் ஒட்டுகிறேன்" என்றார். தெரியாதபோது என்ன செய்கிறார் என்று கவனித்தோம். கவசத்தைச் சற்றே தூக்கி, ராடு நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே தொடுகிறார்! அளவுக்கு மீறிய கறுப்பே அவரது கண்ணை அபாயத்துக்குக் காட்டிக் கொடுத்தது. ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை பத்தாம் எண்ணைச் சிபாரிசு செய்கிறார்கள். எட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 160-க்கு மேல் 250 வரை பன்னிரண்டு. பத்துக்குக் கீழே கூடாது. முதலில் கறுப்பானதில் தொடங்கி, உருகிய இரும்பின் குட்டையும் அதன் ஓரமும் கூச்சமின்றித் தெரியும் வரை ஒவ்வோர் எண்ணாக இறங்க வேண்டும். நம் இளைஞருக்குப் பத்திலேயே எல்லாம் தெரிந்தது.

சுடர் தோன்றிய மாத்திரத்தில் தானே கறுத்துக்கொள்ளும் கண்ணாடி ஸ்வீடனில் 1981-இல் விற்பனைக்கு வந்தது. சுடர் இல்லாதபோது அது மூன்றாம் அல்லது நான்காம் எண்ணளவு வெளிர்நிறமாகவே இருப்பதால், கவசத்தைத் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. விலை அதிகந்தான், ஆனாலும் தினந்தோறும் இதே வேலை செய்பவருக்குத் தகும் என்பது நமது அபிப்பிராயம். ஐரோப்பிய முறைப்படி சோதித்தவற்றில் தெளிவைக் குறித்து நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பார்கள். ஒன்று உயர்வு, மூன்று மட்டம். நான்காவது இலக்கம், சாய்ந்து பார்த்தால் நிழல் படர்கிறதா என்பதைச் சொல்வது. கேட்டின் அடியில் குனிந்து வேலை செய்பவருக்கு அது முக்கியம். பசுமை குறைந்த, இயற்கை நிறம் காட்டும் கண்ணாடியில் கசடும் இரும்பும் எளிதாகப் பிரிந்து தெரிகின்றன.

அதே பட்டறையில் இளைஞரின் தகப்பனார் எந்தக் கண்ணாடியை மாற்றியும் பலனின்றி, "இனிமேல் இந்தத் தொழில் நமக்கு ஆகாது" என்று ஒதுங்கியிருந்தார். வயது ஐம்பதுக்கு மேல். பத்திரிகையைக் கை நீளத்துக்குத் தள்ளிப் படிப்பதைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிற்று. கண்ணாடியில் குற்றமில்லை, வெள்ளெழுத்து வந்துவிட்டது. கவசத்துக்குள் பொருத்துவதற்கென்றே உருப்பெருக்குங் கண்ணாடி, பல பவர்களில் விற்கிறார்கள். தமக்கேற்றதை மாட்டிக்கொண்டு, பெரியவர் மறுபடியும் ராடு பிடித்திருக்கிறார். இதற்காக எத்தனை பேர் கைத்திறனை மூட்டை கட்டி வைத்தார்களோ!

முன்னால் பொறி தெறிக்கும் வெள்ளைக் கண்ணாடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மைத் தழும்பு முகம்போல் ஆன பிறகும் அதை மாற்ற மனம் வராமல், உள்ளிருக்கும் விலையுயர்ந்த கண்ணாடியை வைகிறவர்கள் உண்டு. உண்மையில் அதன் கிரயம் அற்பம்; அதை முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு முதுகுக்குப் பின்னால் விளக்கோ திறந்த வாசலோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வெளிச்சம் கவசத்துக்குள் புகுந்து கண்ணாடியின் உட்புறத்தில் நம் மூக்கையே நமக்குக் காட்டும். அப்போது திரும்பி நின்று ஒட்டினால் போதும்.