செங்கல் மட்டும் பள்ளியாகாது!

குண்டு விழும்போது வாய்மூடி இருந்தவர்கள், குண்டு ஓய்ந்ததும் கொத்தனார் கரண்டியோடு வருகிறார்கள். மாநாடு கூட்டுகிறார்கள், கோடிகளை அறிவிக்கிறார்கள், இடிந்த பள்ளிகளைக் கட்டித் தருவோம் என்கிறார்கள். கட்டட்டும், வேண்டாமென்று தடுப்பவர் அல்லர் நாம். ஆனால் கட்டுவது பள்ளியையா, அல்லது தங்கள் பெயர் பொறித்த கல்லுக்கு ஒரு சுவரையா என்று கேட்கும் உரிமை உழைக்கும் மக்களுக்கு உண்டு.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் தோழர்கள் கொரியாவைப் பார்க்கட்டும். 1950 முதல் 1953 வரை நடந்த போரில் அந்நாடு சுடுகாடாயிற்று. பள்ளிகள் தரைமட்டமாயின. பிள்ளைகள் கூடாரத்திலும் மரத்தடியிலும் அமர்ந்து படித்தார்கள். அவர்களுக்காக ஐக்கிய நாடுகளின் கொரியச் சீரமைப்பு நிறுவனமும் யுனெஸ்கோவும் சேர்ந்து செய்த ஒரு காரியம் நினைவில் நிறுத்தத் தக்கது. 1954-ம் ஆண்டில் சியோல் நகரிலே பாடப்புத்தக அச்சகம் ஒன்றை நிறுவ அவை பணம் கொடுத்தன. ஆண்டுக்கு 3 கோடிப் புத்தகம் அச்சிடும் திறன் கொண்டது அந்த அச்சகம்!

புத்தகத்தைக் கப்பலில் அனுப்பிவிட்டுக் கைகழுவியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை, புத்தகம் செய்யும் யந்திரத்தையே கொடுத்தார்கள். அந்த மண்ணின் மொழியில், அந்த மண்ணின் தொழிலாளியே தன் பிள்ளைக்குப் பாடம் அச்சிட்டான். அந்த நாட்களில் வந்த புத்தகங்களில் படித்ததாக நன்றியோடு சொன்னவர்களில் ஒருவர் பான் கி மூன். 2007-ல் ஐ.நா. சபையின் பொதுச் செயலாளர் நாற்காலியில் அமர்ந்தவர் அவர்தான். கையேந்தி நின்ற தென்கொரியா, 2010-ல் செல்வ நாடுகளின் உதவிக் குழுவில் உறுப்பாகி, கொடுக்கும் நாடாயிற்று. எல்லாம் ஓர் அச்சகத்தால் விளைந்தது என்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் உதவி என்பது எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு அது அடையாளம்.

அந்தப் போரில் குண்டு பொழிந்ததில் முன்நின்றது அமெரிக்கா. சீரமைப்பு நிதியில் பெரும்பங்கு கொடுத்ததும் அதே அமெரிக்காதான். இரண்டையும் நாம் மறைக்கவில்லை.

இனிக் காசாவுக்கு வருவோம். 2023 அக்டோபர் 7-ல் இஸ்ரேலிய மக்கள் கொல்லப்பட்டதும் கொடுமையே. அதை நியாயப்படுத்த நாம் வரவில்லை. ஆனால் அதன்பின் நடந்தது என்ன? 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியை இழந்தார்கள். பள்ளிக் கட்டிடங்களில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் சேதமுற்றன. இஸ்ரேலுக்கு ஆயுதம் கொடுத்ததில் முதலிடம் அமெரிக்காவுக்கே.

1950 முதல் பாலஸ்தீன அகதிகளுக்குப் பள்ளி நடத்திவரும் ஐ.நா. நிவாரண நிறுவனத்திடம், போருக்கு முன் காசாவில் ஏறத்தாழ 3 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். 2024 ஜனவரியில், அதன் ஊழியர் சிலர் மீது எழுந்த குற்றச்சாட்டைக் காட்டி அமெரிக்காவும் வேறு பல நாடுகளும் பணத்தை நிறுத்தின. குற்றம் செய்தவன் இருந்தால் தண்டியுங்கள்! எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தை செய்த குற்றம் என்ன? பல நாடுகள் சில மாதங்களில் மனம் மாறின. அமெரிக்காவோ 2025-லும் தடையை நீட்டியது.

அந்த நிலையிலும், 2024 ஆகஸ்டு முதல், அகதிகள் ஒண்டியிருந்த பள்ளிகளிலேயே ஆசிரியர்கள் தற்காலிக வகுப்புகளைத் தொடங்கினார்கள். கூரை இல்லை, பள்ளி இருந்தது. காரணம், ஆசிரியர் இருந்தார்! அந்த ஆசிரியரின் கூலியை வெட்டிவிட்டு, நாளை பளிங்குக் கட்டிடம் எழுப்பித் தந்தாலும் அது பள்ளியாகுமா? வெறும் கிட்டங்கியாகும்.

மில் வாயிலில் வேலைநிறுத்த நிதிக்கு உண்டியல் குலுக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். தோழன் போட்ட ஓரணா பிச்சை அல்ல. அவன் நிபந்தனை போடுவதில்லை, பெயர் பொறிக்கச் சொல்வதில்லை, போராட்டம் முடியுமுன் கையை இழுத்துக்கொள்வதுமில்லை. முதலாளியின் நன்கொடையோ அப்படியல்ல. நாடுகளுக்கிடையேயும் இதுவே அளவுகோல்.

"நம்மூர்ப் பள்ளிக்கே கூரை ஒழுகுகிறது, காசாவைப் பற்றி என்ன பேச்சு?" என்று சிலர் கேட்பர். ஒழுகும் கூரைக்காக நேற்றும் போராடினோம், நாளையும் போராடுவோம். ஏழையின் பிள்ளைக்குக் கல்வி உரிமை என்று இங்கே முழங்கிவிட்டு, கடலுக்கு அப்பால் அதைச் சலுகை என்றால் நம் முழக்கம் பொய்யாகிவிடும்.

2021 அக்டோபரில், போரில் பள்ளிகளைக் காக்கவேண்டும் என்று பாதுகாப்புக் கவுன்சில் ஒருமனதாகத் தீர்மானித்தது. அன்று அதில் அங்கம் வகித்த இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. அந்த நிவாரண நிறுவனத்துக்கு 2024-25-ல் 50 லட்சம் டாலரும் கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் போதாது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டபின் சீரமைப்புப் பேச்சு எழுந்துள்ளது. அந்தப் பேச்சில் ஆசிரியர் கூலிக்கும், அச்சுக்கும், காகிதத்துக்கும் முதலிடம் கேட்டு இந்திய அரசு குரல் கொடுக்கவேண்டும்.

சங்கந்தோறும் இதைத் தீர்மானமாக்கி டெல்லிக்கு அனுப்புங்கள், தோழர்களே! இடிந்த சுவரைப் பணம் எழுப்பும். பள்ளியை எழுப்புவது ஆசிரியரும் புத்தகமுமே!