வேலிக்கல்லுக்குள் ஒரு கடல்: 9 கோடி ஆண்டுக் கணக்கைச் சொல்லும் சாம்பல் கோடு!

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் வயல்களைச் சுற்றிக் கல் தூண் வேலிகளைப் பார்க்கலாம். 19-ம் நூற்றாண்டில் அங்கே குடியேறிய விவசாயிகளுக்கு வேலி போட மரம் கிடைக்கவில்லை. தரைக்குக் கீழே, ஏறக்குறைய முக்கால் அடி கனத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் அடுக்கு இருந்தது. வெட்டும்போது மெதுவாக இருக்கும். காற்றுப் பட்டதும் இறுகிவிடும். அதையே தூணாக அறுத்து நட்டார்கள். இன்றும் பல தூண்களில் கடல் சிப்பிகளின் அச்சு தெரிகிறது.

கடலே இல்லாத கன்சாஸில் சிப்பி எப்படி வந்தது?

கண்டத்தை இரண்டாகப் பிளந்த கடல்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலத்தில், வட துருவக் கடலிலிருந்து மெக்சிகோ வளைகுடா வரை ஒரு உள்நாட்டுக் கடல் பரவிக் கிடந்தது. வட அமெரிக்காவே கிழக்கு, மேற்கு என இரண்டு நிலப்பரப்புகளாகப் பிரிந்திருந்தது. அந்தக் கடலின் அடியில் படிந்த மணலும் சேறும் சுண்ணாம்பும்தான் இன்று கொலராடோ, கன்சாஸ், மொன்டானா என்று பல மாநிலங்களில் பாறை அடுக்குகளாக இருக்கின்றன.

இங்கேதான் சிக்கல். கொலராடோவில் இருக்கும் ஓர் அடுக்கும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி கன்சாஸில் இருக்கும் ஓர் அடுக்கும் ஒரே காலத்தில் உருவானவையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரே கல் என்றால் ஒரே வயதா?

பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்று தோன்றும். அது தவறு. கரையோரம் மணல் படியும். ஆழத்தில் சேறும் சுண்ணாம்பும் படியும். கடல் உள்ளே ஏற ஏற, கரையும் நகரும். மணல் படியும் இடமும் கூடவே நகரும். அதனால் ஒரே மணற்கல் ஓரிடத்தில் மூத்ததாகவும் இன்னோரிடத்தில் இளையதாகவும் இருக்கலாம். ஒரே நாளில் படிந்தவையோ, ஒருபக்கம் மணற்கல், மறுபக்கம் சுண்ணாம்புக்கல் என்று வேறு வேறு முகத்தோடு நிற்கலாம்.

இதற்கு விடை சொன்னது எரிமலை.

கடலுக்கு மேற்கே இருந்த எரிமலைகள் வெடித்தபோது, சாம்பல் காற்றில் பறந்து வந்து கடல் முழுக்க விழுந்தது. பூமியின் கணக்கில் அது ஒரே கணம். அந்தச் சாம்பல், பென்டோனைட் என்ற வழுவழுப்பான களிமண்ணாக மாறி, பல இடங்களில் சில சென்டிமீட்டர் கனமே உள்ள வெளிறிய கோடாக நிற்கிறது.

மூன்று வீட்டு டைரிகளில் தேதி எதுவும் இல்லை. ஆனால், மூன்றிலும் 'நேற்று ராத்திரி பெரிய புயல்' என்று எழுதியிருந்தால், அந்தப் பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடலாம் இல்லையா? சாம்பல் கோடு செய்வதும் அதைத்தான். அதோடு, சாம்பலில் இருக்கும் சிர்கான் படிகங்களில் யுரேனியம் எவ்வளவு ஈயமாக மாறியிருக்கிறது என்று அளந்தால், தேதியும் கிடைத்துவிடும்!

டொனால்ட் ஹாட்டின் என்ற புவியியலாளர், கன்சாஸிலும் தென்கிழக்குக் கொலராடோவிலும் இந்தக் கோடுகளைப் பின்தொடர்ந்தார். மெல்லிய சுண்ணாம்புக்கல் அடுக்குகள் சாம்பல் கோடுகளுக்கு இணையாகவே ஓடுவது தெரிந்தது. அதாவது, அந்த அடுக்குகள் பரந்த பகுதி முழுக்க ஒரே சமயத்தில் படிந்தவை.

சாம்பல் இல்லாத இடத்தில்?

அங்கே கைகொடுப்பது சுருள் ஓடு கொண்ட அம்மோனைட் என்ற கடல் உயிரி. அதன் இனங்கள் சீக்கிரம் தோன்றி, பரவி, மறைந்தன. எந்த இனம் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பல பத்தாண்டுகள் சேகரித்தவர், அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் காபன். அவரும் சக ஆய்வாளர்களும் பிற்கால கிரிட்டேசியஸின் சுமார் 3.4 கோடி ஆண்டுகளை 60-க்கும் மேற்பட்ட அம்மோனைட் மண்டலங்களாகப் பிரித்தார்கள். சராசரியாக ஒரு மண்டலம் 5 லட்சம் ஆண்டு!

இதனால் நமக்கென்ன?

பூமிக்கடியில் எண்ணெய் தேடுபவர்களுக்கு எந்த அடுக்கு எங்கே தொடர்கிறது என்பது கோடிக்கணக்கான பணம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு.

சுமார் 9.4 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி கடுமையாகச் சூடாக இருந்தபோது, உலகக் கடல்களின் பல பகுதிகளில் ஆக்சிஜன் குறைந்துபோனது. பல கடல் உயிரினங்கள் அழிந்தன. எது முதலில் நடந்தது, எது பின்னால் வந்தது, எத்தனை ஆயிரம் ஆண்டு பிடித்தது? அடுக்குகளைத் தப்பாகப் பொருத்தினால் விளைவு காரணமாகிவிடும், காரணம் விளைவாகிவிடும். இன்றும் கடல் சூடாகிறது, ஆக்சிஜன் குறைகிறது. அதனால் இந்த வரிசை சரியாக இருந்தே ஆகவேண்டும்.

கொலராடோவின் பியூப்லோ நகருக்கு அருகே உள்ள அடுக்குகளில் அந்த வரிசை தெளிவாக இருப்பதால், செனோமேனியன், டுரோனியன் என்ற இரண்டு காலகட்டங்களுக்கு இடையிலான உலக எல்லையே அங்கு குறிக்கப்பட்டிருக்கிறது. வயது 9.39 கோடி ஆண்டு. நம் பெரம்பலூர் பக்கம் காரையில் அம்மோனைட்டுகளோடு கிடக்கும் கடல் களிமண்ணிலும் இதே இரண்டு காலகட்டங்களின் அடுக்குகள் உண்டு. அதற்கும் எல்லைக் கோடு, பியூப்லோவின் அந்த ஒரு அடுக்கே!